கறுப்பு கிரேப், கடைசியில் ஒரு எ

கெம்பேர், 1931 மே 12

அன்புள்ள பெரினுக்கு,

அக்கா எழுதிக்கொண்டது. நான் சுகம். முழங்கால் மட்டும் சுகமில்லை. நாள் முழுக்க அடுப்புக் கல்லுக்கு முன்னால் நிற்கிறவளின் முழங்கால் வேறு எப்படி இருக்கும்? உன் உடம்பு எப்படி இருக்கிறது? லியோனில் மழை பெய்கிறதா, இல்லை அங்கே மழையையும் பட்டில்தான் நெய்கிறார்களா?

கேலிதான், கோபப்படாதே. நீ போன இந்த இரண்டு வருஷத்தில் பட்டு, பட்டு என்று படித்துப் படித்து எனக்கு அலுத்துவிட்டது. இப்போது சேர்ந்திருக்கும் கடை என்ன கடை என்று ஒழுங்காக எழுது. மீன்காரி பார்பா தினமும் உயிரை எடுக்கிறாள். "உன் தங்கச்சி அங்க மகாராணியா வேலைக்காரியா? ரெண்டுல ஒண்ணு சொல்லுடி, எனக்குத் தூக்கம் வரல" என்கிறாள்.

அம்மா விட்டுப்போன அப்பக்கடை நன்றாக நடக்கிறது. சந்தை நாளில் வாசலில் நிற்க இடமில்லை. "கத்தெல், ரெண்டு கறுப்பு, ஒரு வெள்ளை!" என்று ஒரே கத்தல். கறுப்புக் கோதுமையில் சுட்டது கறுப்பு, சாதாரணக் கோதுமையில் சர்க்கரை போட்டுச் சுட்டது வெள்ளை. பட்டணத்தில் நீ இதையும் மறந்திருப்பாய் என்றுதான் எழுதுகிறேன்.

ரோனான் விடுமுறையில் வந்திருக்கிறான். கப்பல் பாய் தைக்கிறவர் மகன், தூலோனில் கடற்படையில் இருக்கிறானே, அவன்தான். வந்த அன்றே நேராகக் கடைக்கு வந்தான். புகைக்குழாய் அடைத்திருந்ததைப் பார்த்ததும் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு ஏறிச் சுத்தம் செய்தான். யாரும் கேட்கவில்லை. பிறகு கல்லோரம் நின்றபடியே நாலு தின்றான். "உக்காந்து சாப்பிடேன்" என்றேன். "நின்னாத்தான் சூடா கிடைக்கும்" என்றான். நாளைக்குக் கிளம்புகிறான். வழக்கம்போல ஒரு டஜன் கறுப்பு அப்பம், உன் பிரெஞ்சில் கிரேப் நுவார், கட்டித் தரச் சொல்லியிருக்கிறான். கப்பலில் கூட்டாளிகளுக்காம்.

எனக்கு முப்பத்து மூன்று முடிந்துவிட்டது. அவனுக்கு முப்பத்தொன்று. அது ஒரு வித்தியாசமே இல்லை என்கிறாள் பார்பா. அவன் இன்னும் வாய் திறக்கவில்லை. ஆனால் சும்மா ஒருவன் அடுத்த வீட்டுப் புகைக்கூண்டில் ஏறுவானா? இதை உன்னிடம் மட்டும்தான் சொல்கிறேன்.

நம் ஊர்க்காரி புனித அன்னம்மாள் அந்தத் தூர ஊரிலும் உன்னைப் பார்த்துக்கொள்ளட்டும்.

உன் அக்கா
கத்தெல்


லியோன், 1931 மே 30

அன்பு அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான் நலம். முழங்காலுக்குச் சூடான உப்பு ஒத்தடம் கொடு, சும்மா விடாதே.

பார்பாவிடம் சொல்: உன் தங்கை மகாராணியும் இல்லை, வேலைக்காரியும் இல்லை, சாவுக்காரி. துக்கத்துணி விற்கும் கடையில் சேர்ந்திருக்கிறேன். வருகிறவர்கள் எல்லோரும் யாரையாவது புதைத்துவிட்டு வருகிறவர்கள். நான் கறுப்பு கிரேப் வெட்டிக் கொடுக்கிறேன். பட்டு நூலை முறுக்கோ முறுக்கென்று முறுக்கி நெய்து வெந்நீரில் போட்டால், துணி சுருங்கிச் சுருக்கம் சுருக்கமாக வந்துவிடும். மினுக்கமே இருக்காது. துக்கத்தில் மினுக்கக் கூடாதல்லவா? முக்காட்டின் நீளத்துக்கு ஒரு கணக்கு உண்டு. செத்தவனின் மனைவிக்கு முழங்கால் வரை. மகளுக்கு இடுப்பு வரை. உடன்பிறந்தவளுக்குத் தோள் வரை. "யாருக்கு, மதாம்?" என்று முதலில் கேட்க வேண்டும். அப்புறம்தான் கத்தரிக்கோலைத் தொட வேண்டும்.

ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. நான்தான் சிரித்தேன். ரோனானுக்கு ஒரு டஜன் 'கிரேப் நுவார்' கட்டுவதாக எழுதியிருக்கிறாய். பாவம், பன்னிரண்டு சாவா அவன் கப்பலில்? அக்கா, பிரெஞ்சில் கிரேப் துணி ஆண்பால், கிரேப் அப்பம் பெண்பால். அப்பத்துக்குப் பக்கத்தில் 'நுவார்', கறுப்பு என்று போடும்போது கடைசியில் ஒரு 'எ' சேர்க்க வேண்டும். வாயால் சொன்னால் இரண்டும் ஒன்றுதான், அந்த எ ஊமை. எழுதும்போதுதான் சாவா சாப்பாடா என்று தெரியும்.

ரோனான் சுகமாக இருப்பது சந்தோஷம்.

இங்கே மாவும் கல்லும் இல்லாத வீட்டில் உட்கார்ந்து உன் கை நினைப்போடு முடிக்கிறேன்.

பெரின்


கெம்பேர், 1931 ஜூன் 21

அன்புள்ள பெரினுக்கு,

ஒத்தடம் கொடுத்தேன். முழங்கால் தேவலை, மனசுதான் தேவலையில்லை. நீ சுகமாக இருக்கிறாய் என்பது உன் எழுத்தின் கொழுப்பிலேயே தெரிகிறது.

எனக்கு எ சொல்லித்தர வந்துவிட்டாய். நல்லது. நம் வாயில் அப்பம் 'கிராம்பூஸ்', துணிக்கு வேறு பெயர். பிரெஞ்சுக்காரனுக்குச் சொல் பஞ்சம் என்றால் அதற்கு நானா பொறுப்பு? பள்ளிக்கூடத்தில் நம் பாஷையில் கிராம்பூஸ் என்று சொன்னதற்கு என் கழுத்தில் மரச்செருப்பைக் கட்டித் தொங்கவிட்டார்களே, ஞாபகம் இருக்கிறதா? உனக்கு எப்படி இருக்கும்? நீ வந்து சேர்வதற்குள் நான் உனக்கு வீட்டிலேயே சொல்லிக்கொடுத்துவிட்டேன், வாயைத் திறந்தால் பிரெஞ்சிலேயே திற என்று. அம்மா செத்தபோது எனக்குப் பதினாலு வயது, நோட்டை மூடினேன். நீ படித்தாய். நான் மாவு கரைத்தேன். உனக்கு அம்மாவின் முடி வந்தது, எனக்கு அம்மாவின் அடுப்பு வந்தது.

"தங்கச்சி மேல உனக்குப் பொறாமைடி" என்று பார்பா முகத்துக்கு நேரே சொன்னாள். மீன் செதிலைத் தட்டிக்கொண்டே சொன்னாள். ஆமாம் என்றேன். இருந்தால் என்ன? தெருவில் நீ போனால் திரும்பிப் பார்ப்பார்கள், நான் போனால் "கடை திறந்திருக்கா?" என்று கேட்பார்கள். எனக்கென்று ஒருவன் புகைக்கூண்டில் ஏறியிருக்கிறான். அதையாவது கேலி செய்யாமல் விடு.

உன் பாடத்தை மனப்பாடம் செய்துவிட்டேன். சோறு போடுவது பெண்பால், சாவுக்கு வருவது ஆண்பால். சாப்பாட்டுக்கு எ உண்டு. இனி தப்பாது, டீச்சரம்மா.

வெயிலில் தலையை மூடிக்கொள். திட்டினாலும் நான்தான் உனக்கு இருக்கிறேன்.

கத்தெல்


லியோன், 1931 ஆகஸ்ட் 9

அன்பு அக்காவுக்கு,

பதில் எழுதத் தாமதம், மன்னித்துவிடு. நான் உன்னைக் கேலி செய்யவில்லை. உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் சாப்பிடப் பிடிக்கவில்லை. மரச்செருப்பை நான் மறக்கவில்லை. அந்தக் கயிறு உரசின தழும்பு உன் கழுத்தில் இருக்கிறதே.

நான் குடியிருக்கும் வீட்டு முற்றத்தில் ஒரு மரம் பூத்திருக்கிறது. இந்தியாவிலிருந்து வந்த மரமாம். வெட்டிவிட்டாலும் துளிர்த்துப் பூக்கிற ஜாதி, இந்த வெயிலில்தான் வெறிபிடித்தது போலப் பூக்கும் என்கிறார் தோட்டக்காரர். ரோஜா நிறம். கிட்டப் போய்ப் பார்த்தால் இதழ் எல்லாம் சுருக்கம் சுருக்கமாக, அப்படியே எங்கள் கடைத் துணி. இங்கிலீஷ்காரன் இதைக் கிரேப் மரம் என்றே கூப்பிடுகிறானாம். அப்பமும் கிரேப், சாவும் கிரேப், பூவும் கிரேப்! எந்தப் பக்கம் திரும்பினாலும் இந்தச் சொல் என்னை விடமாட்டேன் என்கிறது. நாலு இதழ் உள்ளே வைத்திருக்கிறேன். சுருக்கத்தைத் தடவிப் பார்.

கடையில் நின்று நின்று எனக்கும் கால் வீங்குகிறது. நமக்கு வாய்த்தது ஒரே கால்தான் போலிருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள். கறுப்பு மாவில் இப்போதெல்லாம் உப்பைக் கொஞ்சம் அள்ளிப் போடுகிறாய், குறைத்துக்கொள்.

பெரின்


கெம்பேர், 1931 ஆகஸ்ட் 28

பெரினுக்கு,

நான் சுகம். நீயும் சுகம் என்று நம்புகிறேன். இதழ்கள் வந்து சேரும்போது காய்ந்து பழுப்பாகிவிட்டன. தடவினேன், பொடியாகிவிட்டது.

நான் உப்பு அதிகம் போடுவது உனக்கு எப்படித் தெரியும்?

உண்மைதான், வசந்த காலத்திலிருந்து புது உப்பு. குவெராந்து ஊர் உப்புக்காரன் மாறிவிட்டான், இவன் உப்பு அதிகமாகக் கரிக்கிறது. ஆனால் நீ என் அப்பத்தைத் தின்று இரண்டு வருஷம் ஆகிறதே?

ரோனான் வந்திருந்தான். நான் கல்லைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன், பின்னால் வந்து "கத்தெல்" என்கிறான். உயிரே போய்விட்டது எனக்கு. காலடிச் சத்தமே இல்லை. மரச்செருப்பு டக்டக்கென்று பாலத்திலேயே கேட்கிற ஆள்! கீழே பார்த்தால் புதுச் செருப்பு. ரப்பர் பாலைச் சுருக்கம் சுருக்கமாக உறையவைத்து அடி போட்டதாம். "இதுக்கும் கிரேப்புன்னுதான் பேரு" என்று சொல்லிச் சிரித்தான். எந்தப் பக்கம் திரும்பினாலும் கிரேப் என்று சொன்னது நீதானே?

"எங்க வாங்கினே?" என்றேன். "லியோன்ல. ரயில் மாறுற நேரத்துல சும்மா இறங்கினேன்" என்றான்.

"பெரினைப் பாத்தியா?" என்று கேட்டேன். இருமல் வந்துவிட்டது அவனுக்கு.

அவனுக்கு ஒரு டஜன் கட்டிக் கொடுத்தேன். நீ சொல். அவனைப் பார்த்தாயா?

கத்தெல்


லியோன், 1931 நவம்பர் 15

அன்பு அக்காவுக்கு,

இவ்வளவு நாள் எழுதாததற்குத் திட்டாதே. உடம்பு சரியில்லை. காய்ச்சல், அப்புறம் இருமல், அப்புறம் ஆத்மாக்கள் திருநாளுக்குக் கடையில் கூட்டம். நவம்பரில் இறந்தவர்களை நினைக்காதவர்கள் கூட நினைப்பார்கள் அல்லவா, நூறு முக்காடாவது வெட்டியிருப்பேன். உன் முழங்கால் எப்படி? பார்பா எப்படி? கடை எப்படி?

உப்பு விஷயம் ஒன்றுமில்லை. நீ எப்போதும் அள்ளித்தான் போடுவாய், அதைத்தான் சொன்னேன். இதற்கெல்லாமா ஒரு கேள்வி?

செருப்பைப் பற்றி எழுதியிருந்தாய். லியோனில் லட்சக்கணக்கான ஜனம். செருப்புக் கடைக்கு வருகிற மாலுமியை எல்லாம் எண்ணிக்கொண்டா நான் உட்கார்ந்திருக்கிறேன்? எனக்கு வேலை இல்லையா? அவரும் ஒரு செருப்பு வாங்கக் கூடாதா? நீ சின்ன வயதிலிருந்தே இப்படித்தான், ஒன்றுமில்லாததைப் போட்டு முறுக்கிக்கொண்டே இருப்பாய்.

குளிர் வந்துவிட்டது. முற்றத்து மரம் இலையெல்லாம் கொட்டி, பட்டை உரிந்து வழுவழுவென்று நிற்கிறது. இதைப் பார்த்தால் பூத்த மரம் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

கம்பளிச் சாக்ஸ் இரண்டு பின்னி அனுப்பியிருக்கிறேன், போட்டுக்கொள்.

பெரின்


கெம்பேர், 1932 ஜனவரி 18

அன்புள்ள பெரினுக்கு,

புது வருஷம் உனக்கு நல்லபடியாக இருக்கட்டும். சாக்ஸ் வந்தது, அளவு சரி. கடை உண்டு, முழங்கால் உண்டு, பார்பா உண்டு, எல்லாம் அப்படியே இருக்கின்றன.

நவம்பர் கடிதத்தில் ரோனானை "அவரும்" என்று எழுதியிருந்தாய். நம் தெருவில் மூக்கு ஒழுகிக்கொண்டு திரிந்த ரோனான் உனக்கு எப்போது 'அவர்' ஆனான்? பட்டண மரியாதை என்று வைத்துக்கொள்கிறேன்.

அவன் இந்த மாசம் முழுக்க இங்கேதான் இருக்கிறான். மாமாவின் படகில் மீனுக்குப் போகிறான். கடல் பைத்தியம் பிடித்த மாதிரி இருக்கிறது, போன வாரம் பக்கத்துத் துறைமுகத்தில் இரண்டு படகு திரும்பவில்லை. போகாதே என்றேன். "போகாம வீட்ல உக்காந்து எலியைப் பிடிக்கவா?" என்றான். முந்தாநாள் மழையில் நனைந்து வந்தான். கல்லோரம் நின்றான், மூன்று கறுப்பு சுட்டுக் கொடுத்தேன். கிளம்பும்போது கதவைப் பிடித்துக்கொண்டு "வரேன் அக்கா" என்றான்.

அக்கா! இத்தனை வருஷத்தில் இல்லாத அக்கா!

"என்ன சொன்னே?" என்றேன். காது சிவந்துவிட்டது. "வாய் தவறிடுச்சு கத்தெல்" என்று சொல்லிவிட்டு, அந்தச் சத்தமில்லாத செருப்பில் ஓடிவிட்டான். நம் தெருவில் ஒருவன் ஒருத்தியை எப்போது அக்கா என்பான், உனக்கும் தெரியும் எனக்கும் தெரியும்.

உன்னிடம் நேராகக் கேட்கிறேன், நேராக எழுது. ஏதாவது இருக்கிறதா? இருந்தால் இருக்கிறது என்று சொல். நான் செத்துப்போக மாட்டேன். தினமும் முகத்தில் புகை அடித்துப் பழகியவள் நான். ஆனால் தெரியாமல் நிற்பதுதான் என்னால் முடியவில்லை. ஞாயிறு பூசையில் கூட உன் முகமும் அவன் முகமும் மாறி மாறி வருகின்றன, சாமியார் என்ன சொன்னார் என்றே தெரியவில்லை.

பத்து நாளைக்குள் பதில் எதிர்பார்க்கிறேன்.

கத்தெல்


தந்தி. கெம்பேர், 1932 ஜனவரி 30, சனி காலை

கிரேப் நுவார் ரோனான் செவ்வாய்


தந்தி. லியோன், ஜனவரி 30, சனி மாலை

எப்படி


தந்தி. கெம்பேர், ஜனவரி 31, ஞாயிறு காலை

ரயிலில்


லியோன், 1932 பிப்ரவரி 4

அன்பு அக்கா,

முதலில் ரோனான் உயிரோடு இருக்கிறார். அது உனக்குத் தெரியும். எனக்குத்தான் மூன்று நாள் தெரியாமல் போய்விட்டது.

சனிக்கிழமை உன் தந்தி கடைக்கு வந்தது. ஒரு சாவு வீட்டுக்கு மூன்று முக்காடு வெட்டிக்கொண்டிருந்தேன். பிரித்துப் பார்த்தேன். கறுப்பு கிரேப், எ இல்லை. ரோனான். செவ்வாய். காலையில்தான் பேப்பரில் நம் பக்கத்துப் புயலைப் பற்றிப் படித்திருந்தேன். போன செவ்வாய் படகோடு போய்விட்டார், அடக்கமும் முடித்துவிட்டு எனக்குச் சொல்கிறாய் என்று நினைத்தேன். 'எப்படி' என்று மட்டும்தான் தந்தி கொடுக்க முடிந்தது. அதற்கு மேல் ஒரு சொல் எழுதினாலும் நீ தெரிந்துகொள்வாய் என்று பயம். 'ரயிலில்' என்று பதில் வந்தது. கடலுக்குத் தப்பியவர் ரயிலில் மாட்டினாரா என்று, தண்டவாளமும் சக்கரமும், ஐயோ, அதை எழுத என்னால் முடியாது.

திங்கட்கிழமை கடைக்குப் போய்க் கறுப்பு கிரேப்பை எடுத்துக் கத்தரிக்கோலை வைத்தேன். முதலாளியம்மா வந்தாள்.

"யாருக்கு, பெரின்?"

"எனக்கு."

"எதுவரைக்கும்?"

"முழங்கால் வரைக்கும்."

கடையே திரும்பிப் பார்த்தது. அப்படித்தான் எல்லோருக்கும் தெரிந்தது அக்கா. உனக்கும் இப்போது அப்படித்தான் தெரிகிறது. செப்டம்பரில் நகரசபையில் கையெழுத்துப் போட்டோம். கோயில் கல்யாணம் வைக்கவில்லை. நீ பக்கத்தில் நிற்காமல் சாமி முன்னால் நிற்க மாட்டேன் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன்.

செவ்வாய் காலையில் முக்காட்டோடு பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன், சாயங்கால ரயிலுக்கு ஊர் வரலாம் என்று. கதவு தட்டுகிற சத்தம். திறந்தால் கையில் பொட்டலத்தோடு அவர் நிற்கிறார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"மாதாவே! யாரு செத்தது?"

"நீ" என்றேன்.

"சரி, செத்தவனுக்குப் பசிக்குது. மெழுகுதிரித் திருநாளும் அதுவுமா உங்கக்கா கிரேப் கொடுத்து அனுப்பியிருக்கா. 'பெரின்கிட்டயே கொடுத்துடு'ன்னா. பிரி."

பளாரென்று ஒன்று விட்டேன். அப்புறம் இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து அழுதோம்.

ஏன் மறைத்தேன் என்று கேட்பாய். அவன் புகைக்கூண்டில் ஏறினான் என்று நீ மே மாசம் எழுதினாயே, அந்தக் கடிதம் வந்தபோது அவர் என் எதிரில் உட்கார்ந்து உன் கிரேப்பைத்தான் தின்றுகொண்டிருந்தார். கூட்டாளிகளுக்கு என்று வாங்கியதெல்லாம் எனக்குத்தான் வந்தது. உன் கடிதத்தை அவரிடம் காட்டவில்லை, கடைசி வரைக்கும் காட்டமாட்டேன். எப்படி எழுதுவேன் உனக்கு? ஒவ்வொரு மாசமும் நாளைக்கு நாளைக்கு என்று தள்ளினேன்.

இன்னொன்றும் சொல்கிறேன். எனக்கும் உன்மேல் பொறாமைதான். "உங்கக்கா கல்லுல இருந்து எடுத்து அப்படியே கையில வைப்பா, வெண்ணெய் உருகி ஓடும்" என்று அவர் சொல்வார். எனக்கு வருவது இரண்டு நாள் ரயிலில் ஆறி விறைத்துப் போனது. அம்மா வீடு உனக்கு, அடுப்பு உனக்கு, சூடு உனக்கு. ஆறினதுதான் எனக்கு.

செவ்வாய் ரோனான் அப்பத்தோடு வருகிறான், ரயிலில் வருகிறான் என்றுதான் நீ தந்தி கொடுத்திருக்கிறாய், உன்மேல் எனக்குக் கோபமே இல்லை. அந்த எ உனக்கு வராது என்று தெரிந்திருந்தும் புத்தி கெட்டு அழுதது நான். என்னைத்தான் நீ மன்னிக்க வேண்டும். மே கடைசியில் அவருக்கு லீவு. நம் கோயிலில் கல்யாணம் வைக்கலாமா? நீ வாயால் சரி என்று சொன்னால்தான் வருவோம்.

உன் காலைப் பிடித்துக் கேட்கிற
பெரின்


கெம்பேர், 1932 மார்ச் 20

பெரினுக்கு,

ஆறு வாரமாகக் காகிதத்தை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். நீ என்னை மன்னித்திருக்கிறாய், என்னிடமே மன்னிப்பும் கேட்டிருக்கிறாய். பேசாமல் வாங்கிக்கொண்டிருந்தால் இந்த ஜன்மத்தில் யாருக்கும் தெரியாது. ஆனால் நீ பக்கத்தில் நிற்கும்போது நான் கோயிலில் மூச்சு விட வேண்டுமே.

அந்த எ எனக்கு வரும்.

ஜூன் மாசத்திலேயே வந்துவிட்டது. சோறு பெண்பால், சாவு ஆண்பால். தந்தி ஆபீஸ் கிழவர் காகிதத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார், "என்னம்மா கத்தெல், அப்பம்தானே அனுப்புறே? எ விட்டுப்போச்சே." அப்படியே இருக்கட்டும் என்றேன். "ஒரு எழுத்துக்குத் தனியா காசு இல்லம்மா, சொல்லுக்குத்தான்" என்றார். தெரியும், அப்படியே அடியுங்க என்றேன்.

நேராகக் கேட்டேன், பத்து நாள் காத்திருந்தேன், நீ பதில் எழுதவில்லை. அன்றைக்கு என் வயிறு எரிந்த எரிச்சலில் கல்லே வேண்டாம், என்மேலேயே கிரேப் சுட்டிருக்கலாம். இருவருக்கும் இடையில் ஒன்றும் இல்லையென்றால் அக்காவுக்கு எழுதத் தெரியவில்லை என்று சிரிப்பாள், இருந்தால் அழுவாள், பார்த்துவிடுகிறேன் என்று நினைத்தேன். ஒரு மணி நேரம் அழட்டும் என்றுதான் நினைத்தேன். அதுவரைக்கும் கூட மன்னிக்கலாமோ என்னவோ.

சாயங்காலம் 'எப்படி' என்று வந்தது. படித்த உடனே தெரிந்துவிட்டது. அப்பத்துக்கு யாராவது எப்படி என்று கேட்பார்களா? 'அப்பம்' என்று ஒரே ஒரு சொல் போட்டிருந்தால் உன் அழுகை நின்றிருக்கும். ராத்திரி முழுக்க யோசித்தேன். காலையில் எழுந்து, முகம் கழுவி, தொப்பியைக் கட்டிக்கொண்டு போய் 'ரயிலில்' என்று போட்டேன். அது பொய் இல்லை, பார். அவன் ரயிலில்தானே வந்தான். அந்தச் சமாதானத்தோடுதான் பூசைக்குப் போனேன்.

அவனோ ஒன்றும் தெரியாமல் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு ரயில் ஏறினான். செவ்வாய்க்கிழமை, மெழுகுதிரித் திருநாள் வழக்கப்படி, வருஷம் நன்றாக இருக்க இடது கையில் காசைப் பிடித்துக்கொண்டு முதல் கிரேப்பைக் கல்லுக்கு மேலே தூக்கிப் போட்டேன். சாம்பலில் விழுந்தது. பார்பா வாயில் கை வைத்துக்கொண்டாள்.

நீ முழங்கால் வரை வெட்டியதைப் படித்தபோது எனக்கு முதலில் வந்தது இரக்கம் இல்லை. அதையும் எழுதிவிடுகிறேன். அவனுக்காக முழங்கால் வரை போட்டுக்கொள்ள உனக்கு உரிமை இருக்கிறதே, அவன் செத்தால் கூட எனக்கு ஒரு முழத் துணிக்கு உரிமை இல்லையே என்றுதான் வந்தது. அதற்கு அப்புறம்தான் அழுதேன்.

உன் மே கடைசிக்கு என் பதில் சரி. ஆனால் இதையெல்லாம் தெரிந்துகொண்டு வருவதாக இருந்தால் வா. ரோனானிடம் சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம். நலம் விசாரிக்க எனக்கு முகம் இல்லை.

கத்தெல்


கெம்பேர், 1932 மே 8

பெரினுக்கு,

ஏழு வாரத்துக்கு அப்புறம் உன் பார்சல் வந்தது. கடிதம் இருக்கும் என்று காகிதத்தைக் கூட உதறிப் பார்த்தேன். கறுப்பு கிரேப் துணி மட்டும் இருந்தது. தலையில் போட்டுக் கண்ணாடியில் பார்த்தேன். தோள் வரை.

புரிந்தது. உன் கணக்கை நான் மறக்கவில்லை. உடன்பிறந்தவளுக்குத் தோள் வரை. எனக்குத் தங்கை இல்லை என்று வெட்டி அனுப்பியிருக்கிறாய். நியாயம்தான்.

போட்டுக்கொண்டேன். நாலு நாளாகப் போட்டுக்கொண்டுதான் கடையில் நிற்கிறேன். பார்பா கூடையோடு உள்ளே ஓடிவந்தாள்.

"யாருடி செத்தது?"

"பெரினோட அக்கா."

"அது நீதானடி!"

"ஆமா" என்றேன்.

அவள் சிலுவை போட்டுக்கொண்டு கூடையோடு திரும்பிப் போனாள். கல்லின் சூட்டில் துணி முகத்தில் ஒட்டிக்கொள்கிறது, மாவுத் துளி பட்டு வெள்ளை வெள்ளையாக இருக்கிறது. கழற்ற மனசில்லை. நீ அனுப்பியதாயிற்றே.

உப்பைக் குறைத்துவிட்டேன். இதைச் சொல்லத்தான் எழுதினேன்.

கத்தெல்


தந்தி. லியோன், 1932 மே 25, புதன்

கிரேப் நுவார்-எ. ரோனான் பெரின் சனி. முக்காட்டைக் கழற்று. எனக்கும் சூடாக